ஆற்றில் தெளிந்து குழாயில் கலங்கிய நீர்: திருச்சி – திருவரங்கம் குடிநீர் வரலாறு



ஆண்டறிக்கையைக் கையில் எடுப்போர் முதலில் புரட்டுவது வரவு செலவுக் கணக்கையே. சந்தா, உண்டியல், கடை வாடகை, இமாம் – முஅத்தின் ஊதியம், மின்கட்டணம் என்று கண்கள் வரிவரியாக இறங்கி வரும். அவற்றிடையே ‘தண்ணீர்த் தொட்டி, ஹவுள் சுத்தம் செய்த வகை’ என்று ஒரு சிறிய வரி இருக்கும். தொகையும் சிறியது, பொதுக்குழுவில் அதுபற்றி எவரும் வினா எழுப்புவதில்லை. அந்த ஒற்றை வரிக்குப் பின்னே ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கால வரலாறு மறைந்து கிடக்கிறது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

நம் நகருக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்வது கொள்ளிடம். தெற்கே செல்வது காவிரி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கமும் திருவானைக்காவலும் அமைந்துள்ளன. சைவ மரபினர் ஐம்பூதத் தலங்களுள் நீருக்குரியதாகப் போற்றுவது இத்திருவானைக்காவலைத்தான். தென்கரையில் உறையூரும் மலைக்கோட்டையும் அதனைச் சூழ்ந்த பேட்டைகளும் உள்ளன. ராஜராஜ சோழன் காலத்ததாகக் கருதப்படும் உய்யகொண்டான் வாய்க்கால் இந்நகரின் ஊடே வளைந்து செல்கிறது. 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டி, கொள்ளிடத்தில் மிகுதியாகப் பாய்ந்து வீணாகிய நீரைக் காவிரிக்குத் திருப்பினார். நீருக்குப் பஞ்சமில்லாத ஊர் என்று பிற மாவட்டத்தார் நம்மைக் கண்டு ஏங்கியதில் வியப்பில்லை.

ஆயினும் நம் முன்னோர் ஆற்று நீரை அப்படியே மொண்டு குடித்துவிடவில்லை. கோடைக்காலத்தில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சுரந்து வரும் நீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் நிரப்பினர். வெள்ளக் காலத்தில் நீர் செந்நிறமாக வரும்போது, மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து, கலங்கல் அடியில் தங்கிய பின்னரே பயன்படுத்தினர். செம்புக் குடத்தில் இரவு முழுதும் வைத்திருந்து காலையில் பருகும் வழக்கமும் இருந்தது. திருவரங்கத்தில் கோயிலின் வெளிச்சுற்றுகளிலேயே குடியிருப்புத் தெருக்கள் அமைந்திருந்தமையால் வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. மலைக்கோட்டையின் அடியில் தெப்பக்குளமும், பள்ளிவாசல்களில் கிணறும் ஹவுளும் இருந்தன.

இவற்றுள் மணல் ஊற்றைச் சற்று நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் வந்த குடிநீர்த் திட்டங்கள் அனைத்திற்கும் அதுவே அடிப்படையாயிற்று.

வாந்திபேதியின் காலம்

1817ஆம் ஆண்டு வங்காளத்தின் ஜெசூர்ப் பகுதியில் பெருகிய காலரா நோய், அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்துக்குள் நுழைந்தது. காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் மடிந்தார். நோய் எதனால் வருகிறது என்பது எவருக்கும் புலப்படவில்லை. கெட்ட காற்றால் வருகிறது என்று மருத்துவர்கள் கூறினர். தெய்வக் குற்றம் என்று மக்கள் அஞ்சினர். ஊரை விட்டு ஓடியவர்கள் தாம் சென்ற ஊருக்கும் நோயைக் கொண்டு சென்றனர்.

மக்கள் பெருந்திரளாகக் கூடும் இடங்களில் இந்நோய் பரவுவது ஆட்சியாளருக்குப் பெருங்கவலையாயிற்று. வைகுண்ட ஏகாதசிக்கு இலட்சக்கணக்கானோர் கூடும் திருவரங்கம் போன்ற தலங்கள் மட்டுமல்ல, நம் ஹஜ் பயணமும் இக்கவலைக்கு உள்ளாயிற்று. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது புனித மக்காவில் காலரா பரவி ஆயிரக்கணக்கான ஹாஜிகள் உயிர்நீத்தனர். அதன் விளைவாகவே 1866இல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூட்டப்பட்டது. நோய்க்கு மதம் தெரியாது. ஒரே குளத்து நீரைப் பலரும் பருகும் இடம் எதுவோ, அதுவே அதன் இடம்.

உண்மையை முதலில் நெருங்கியவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ. 1854இல் பிராட் தெருவில் இறந்தவர்களின் வீடுகளைக் குறித்துக்கொண்டே சென்ற அவர், அவர்களுள் பெரும்பாலோர் ஒரே அடிகுழாயின் நீரைக் குடித்தவர்கள் என்று கண்டார். அவ்வடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அந்த நீர் கலங்கியதன்று; தெளிவும் சுவையும் உடையதென்று மக்கள் விரும்பிக் குடித்த நீர். 1884இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக், கல்கத்தாவில் ஆய்வு நடத்தி, நோயாளிகளின் குடலில் கண்ட கிருமியை அவர்கள் பயன்படுத்திய குளத்து நீரிலும் கண்டறிந்தார். இவ்வாறு, நீரின் வழியாகவே காலரா பரவுகிறது என்பது ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது.

நகரசபையும் மணற்படுகையும்

இக்காலத்திலேயே நம் ஊர்களில் உள்ளாட்சி தோன்றியது. 1866இல் திருச்சிராப்பள்ளி நகரசபையும், 1871இல் திருவரங்கம் நகரசபையும் அமைந்தன. தெரு விளக்கு, சாலை, குப்பை, குடிநீர் ஆகியவை நகரசபையின் பொறுப்பாயின. சென்னைப் பட்டணத்துக்கு 1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து நீர் கொண்டுவரப்பட்டது; ஆனால் அது வடிகட்டப்படாத நீர். கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைய 1914ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வகையில் திருச்சி பேறு பெற்ற ஊர். இங்கே வடிகட்டியை எவரும் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஆறே அதனைக் கட்டி வைத்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கம்பரசம்பேட்டையில் காவிரியின் மணற்படுகைக்கு அடியில் ஊறும் நீரைச் சேகரித்து நகருக்குக் குழாய் வழியே அனுப்பும் நீரேற்று நிலையம் உருவாயிற்று. நம் பாட்டிமார் தோண்டிய மணல் ஊற்றின் பெரிய வடிவமே இது. பிற்காலத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் அமைந்த நீர்சேகரிப்புக் கிணறுகளும் இம்முறையைச் சார்ந்தவையே. ஆற்றின் நடுவே பெரிய வட்டக் கிணறு ஒன்றை ஆழமாக இறக்கி, அதன் அடியிலிருந்து நாற்புறமும் துளையிட்ட குழாய்களை மணலுக்குள் செலுத்துவர். மேலே ஓடும் ஆற்று நீர் மணலின் ஊடே மெல்ல இறங்கி, கலங்கலையும் கிருமிகளில் பெரும்பகுதியையும் மணலிலேயே விட்டுவிட்டு, கிணற்றில் வந்து சேரும். அதனை மேலேற்றி, குளோரின் கலந்து, மேல்நிலைத் தொட்டிகளுக்கு அனுப்புவர்.

மணலின் அருமையை உலகம் உணர்ந்தது 1892இல். ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க், அல்டோனா என்னும் இரு நகரங்கள் ஒன்றையொன்று ஒட்டி இருந்தன. ஹாம்பர்க் ஆற்று நீரை வடிகட்டாமல் வழங்கியது. அல்டோனாவோ, ஹாம்பர்க்கின் கழிவும் கலந்து வரும் கீழ்ப்பகுதியிலிருந்து நீர் எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டி வழங்கியது. அவ்வாண்டு வந்த காலராவில் ஹாம்பர்க்கில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அல்டோனாவில் இறப்பு மிகக் குறைவு. ஒரே தெருவின் இரு புறங்களில் ஒரு புறம் நோயும் மறு புறம் நலமும் இருந்த காட்சியைக் கண்டவர்கள் மணலின் மதிப்பை மறக்கவில்லை.

கண்ணும் நாவும் மூக்கும்

நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றைக் கொண்டு நீரை மதிப்பிடுவது மனித குலத்தின் பழைய முறை. ஒளுச் செய்யும் நீரின் தூய்மையை வரையறுத்த நம் சட்ட அறிஞர்களும் இம்மூன்றையும் அளவாகக் கொண்டனர். ஹனஃபி மத்ஹபினர் பத்து முழ நீளமும் பத்து முழ அகலமும் உள்ள ஹவுளை ஓடும் நீருக்கு இணையாகக் கருதினர். இவ்வளவுகள் வணக்கத்துக்கான தூய்மையை வரையறுப்பவை. குடிப்பதற்கான பாதுகாப்பைப் பற்றியவை அல்ல. ஒளுவுக்குக் குறையற்ற நீர், குழந்தையின் வயிற்றுக்குக் கேடாக இருக்கக்கூடும். இவ்விரு அளவுகளையும் ஒன்றெனக் கருதுவது நம்மிடையே பரவலாக உள்ள ஒரு பிழை. ஹவுளின் நீரைக் கையால் அள்ளிக் குடிக்கும் சிறுவர்களைப் பெரியோர் தடுக்க வேண்டுவது இதனால்தான்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கென வகுத்த விதிகள் 1983இல் முதலில் வெளிவந்து, 1991லும் 2012லும் திருத்தப்பட்டன. அவற்றின்படி 100 மில்லி லிட்டர் நீரில் ஈ.கோலி என்னும் குடற்கிருமி ஒன்றுகூட இருத்தலாகாது. கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருத்தல் நன்று; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். நைட்ரேட் 45 மில்லி கிராமுக்கு மேற்படக் கூடாது. குழாயின் கடைசி முனையில் லிட்டருக்கு 0.2 மில்லி கிராம் குளோரினாவது எஞ்சி நிற்க வேண்டும்.

இங்கே நம் மூக்கு நம்மை இருமுறை ஏமாற்றுகிறது. கிருமி உள்ள நீரில் வாடை இல்லாமையால் அதனை நம்பிக் குடிக்கிறோம். குளோரின் உள்ள நீரில் மருந்து வாடை வருவதால் முகம் சுளித்து அதனைக் கொட்டிவிடுகிறோம். அந்த மெல்லிய வாடைதான் நம் வீட்டு வாசல் வரை வந்து நிற்கும் காவலாளி என்பதை உணர்வதில்லை. அவ்வாறே, வடிகட்டும் கருவி விற்க வருவோர் கையளவுக் கருவியை நீரில் நனைத்துக் காட்டும் எண், கரைந்துள்ள உப்பின் அளவை மட்டுமே கூறும். கிருமி உண்டா இல்லையா என்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது.

டில்லி தந்த பாடம்

நீரேற்று நிலையம் சிறப்பாக இருந்தால் மட்டும் போதுமா? 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் தலைநகர் டில்லியில் நிகழ்ந்தது இதற்கு விடை கூறும். நஜஃப்கர் வடிகாலின் சாக்கடை நீர் பின்னோக்கிச் சென்று, யமுனையில் வஜீராபாத் நீரேற்று நிலையம் நீர் எடுக்கும் இடத்தில் கலந்தது. அதிகாரிகள் குளோரினை மிகுதியாகக் கலந்தனர். வயிற்றுப்போக்கும் டைஃபாய்டும் பெருகவில்லை. ஆனால் சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கருவுற்ற தாய்மார்களுக்கு அது பெருங்கேடு விளைவித்தது. ஹெப்படைட்டிஸ் ‘ஈ’ என்று அந்நோய்க்குக் காரணமான வைரஸை அறிவியல் அடையாளம் கண்டது பல ஆண்டுகளுக்குப் பின்னரே. சாக்கடையை நீரில் கலக்கவிட்டு, பிறகு மருந்தால் சரிசெய்துவிடலாம் என்று எண்ணுவது தவறு என்பதே டில்லி தந்த பாடம்.

காலராவும் அழிந்துவிட்ட பழங்கதையன்று. 1992 அக்டோபரில் அதன் புதிய வகையான ஓ-139 முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான்.

தோல் தொழிலும் நாமும்

நீரைக் கெடுத்தவர்கள் பிறரே என்று எழுதிச் செல்வது எளிது, நேர்மையன்று. தமிழக முஸ்லிம்களின் பொருளாதார வளர்ச்சியில் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெரும் பங்குண்டு. அத்தொழிலில் ஈட்டிய செல்வத்தால் கல்விக்கூடங்கள் எழுந்தன. 1951இல் நம் நகரில் தோன்றிய ஜமால் முஹம்மது கல்லூரியின் நிறுவனர்களும் தோல் வணிகர்களே. அதே தொழிலின் கழிவு நீர் பாலாற்றுப் பகுதியில் நிலத்தடி நீரைக் கெடுத்து, கிணறுகளையும் வயல்களையும் பாழாக்கியதும் மறுக்கவியலாத உண்மை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உரைத்தது. அதற்கு முன்னரே 1991இல், மாசற்ற நீரைப் பெறுவது உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று அந்நீதிமன்றம் கூறியிருந்தது. 2010 ஜூலை 28ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் பாதுகாப்பான குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. உரிமையைக் கேட்கும் நாம், கெடுத்தவர் வரிசையிலும் நின்றோம் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

மணலுக்கு வந்த கேடு

1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்த பின்னர், திருச்சியை ஒட்டிய ஆற்றுப்படுகை பிற மாவட்டங்களுக்கும் தாயாயிற்று. 2009இல் தொடங்கப்பட்ட இராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கும் இப்பகுதியிலிருந்தே நீர் செல்கிறது. நம் ஊர் மணல் வடித்த நீரைத் தொலைதூரக் கடலோரச் சகோதரர்கள் பருகுகின்றனர்.

அந்த மணலையே நாம் வெட்டி எடுத்தோம். வீடுகளும் மாடிகளும் உயர உயர, ஆற்றின் படுகை தாழ்ந்தது. 2003இல் மணல் குவாரிகளை அரசே ஏற்று நடத்தத் தொடங்கியது. ஆயினும் அளவுக்கு மிஞ்சி அள்ளுவது பற்றிய புகார்கள் ஓயவில்லை. மணல் குறைந்தால் வடிகட்டும் தடிமன் குறைகிறது; நீர்மட்டம் இறங்குகிறது; கிணற்றைச் சூழ்ந்த படுகை அரிக்கப்படுகிறது. 2018 ஆகஸ்ட் 22ஆம் நாள் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோது, ஆற்றைப் பற்றி நகரம் முழுவதும் பேசியது. மணலைப் பற்றிய பேச்சு அதற்கு முன்பும் பின்பும் போதிய அளவில் இருந்ததில்லை.

உறையூரும் நம் வீட்டு மோட்டாரும்

1994இல் திருச்சி, திருவரங்கம், பொன்மலை நகராட்சிகள் ஒன்றிணைந்து மாநகராட்சியாயின. ஊர் பெருகியது, பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் அருகருகே ஓடின. 2005 நவம்பரில் கோரையாறும் உய்யகொண்டானும் கரை கடந்து குடியிருப்புகளுக்குள் புகுந்தபோது, எந்த நீர் எதில் கலந்தது என்று கூற இயலாத நிலை ஏற்பட்டது.

2025 ஏப்ரலில் உறையூரில் சில தெருக்களைச் சேர்ந்த பலர் வாந்தி, வயிற்றுப்போக்கால் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். உயிரிழப்புகளும் நேர்ந்தன. குடிநீரில் சாக்கடை கலந்ததே காரணம் என்று தெருவாசிகள் முறையிட்டனர். நிர்வாகத் தரப்பு அதனை ஏற்கவில்லை. இரு தரப்பின் வழக்கையும் தீர்த்து வைப்பது நம் பணியன்று. ஆனால் காவிரிக்கரையில், ஆயிரமாண்டுப் பழைமையுடைய உறையூரில், ஒரு தாய் குழாயைத் திறக்க அஞ்சினாள் என்பது வழக்கிற்கு அப்பாற்பட்ட உண்மை.

சாக்கடை எவ்வாறு குழாய்க்குள் புகுகிறது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். நீர் முழு அழுத்தத்துடன் ஓடும்போது, குழாயில் விரிசல் இருந்தாலும் உள்ளிருக்கும் நீர் வெளியே கசியுமே தவிர, வெளியிலுள்ளது உள்ளே வாராது. நாளில் சில மணி நேரமே நீர் விடும்போது, எஞ்சிய நேரத்தில் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. அப்போது விரிசலைச் சூழ்ந்து நிற்கும் கழிவு நீர் உள்ளே இறங்குகிறது. இதனைவிடக் கொடியது, வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் பொருத்தி நீரை உறிஞ்சுவது. மோட்டார் நீரை மட்டும் இழுப்பதில்லை. தெருக் குழாயின் அழுத்தத்தைக் குறைத்து, விரிசலருகே நிற்கும் சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறது. இழுத்தவர் வீட்டிற்கு மட்டுமன்றி, அடுத்த வீட்டிற்கும் அது செல்கிறது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜும்ஆ உரையில் கேட்டுவிட்டு, வீட்டிற்குச் சென்று மோட்டார் பொத்தானை அழுத்தும் நம்மில் பலர் இதனை எண்ணிப் பார்த்ததில்லை.

நம் கடமை

மதீனாவில் விலை கொடுத்தே நீர் பெற வேண்டியிருந்த காலத்தில், ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை வாங்கி மக்கள் அனைவருக்கும் வக்ஃபு செய்தார்கள். கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஜுபைதா அம்மையார் மக்காவுக்கு வரும் ஹாஜிகளுக்காகக் கால்வாய் அமைத்தார்கள். இவ்வரலாறுகளைப் பெருமையுடன் கூறும் நாம், பள்ளிவாசலின் நிலத்தடித் தொட்டிக்கு மூடி சரியாக உள்ளதா என்று குனிந்து பார்ப்பதும் அப்பெருமையின் தொடர்ச்சியே.

ஆகவே மஹல்லாவாசிகளின் கனிவான கவனத்திற்குச் சிலவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவது, தெருக் குழாய் இணைப்பில் நேரடியாகப் பொருத்திய மோட்டார்களை அகற்றுதல். நீர் தொட்டிக்குத் தானே இறங்கட்டும்; தொட்டியிலிருந்து மேலேற்ற மட்டும் மோட்டார் போதும்.

இரண்டாவது, நிலத்தடித் தொட்டியையும் மேல்நிலைத் தொட்டியையும் உரிய காலத்தில் கழுவி, பிளீச்சிங் பவுடர் இட்டுத் துப்புரவாக்குதல். தொட்டியருகே கழிவுநீர்க் குழியோ வடிகாலோ இருப்பின், சுவரில் கசிவு உண்டா என்று கொத்தனாரைக் கொண்டு பார்த்தல்.

மூன்றாவது, ஐயம் எழுந்தால் நாவை நம்பாமல் சோதனையை நம்புதல். 1982இல் குவாலியரைச் சேர்ந்த நம் நாட்டு அறிவியலாளர்கள் ஓர் எளிய முறையைக் கண்டனர். மருந்து தடவிய தாள் உள்ள சிறு குப்பியில் நீரை நிரப்பி, ஒன்றிரண்டு நாள் வைத்திருந்தால் போதும். நீர் கறுத்தால் அதில் கழிவு கலந்திருக்கக்கூடும் என்பது பொருள். செலவு மிகக் குறைவு. பள்ளி மாணவரும் செய்யலாம். முடிவு எதுவாயினும், ஐயமுள்ள நாளில் நீரை நன்கு கொதிக்க வைத்துக் குடிப்பதே பாதுகாப்பு.

நான்காவது, குழாய் நீர் கலங்கியோ நாற்றமுடனோ வந்தால், ஒருவர் மட்டும் முணுமுணுத்துவிட்டுக் கேன் தண்ணீர் வாங்கச் செல்லாமல், தெருவினர் அனைவரும் கையெழுத்திட்டு, தேதி குறித்து, எழுத்து மூலம் உரிய அலுவலகத்தில் முறையிடுதல். கேன் வாங்க வசதியுள்ளோர் வாய் மூடிக்கொண்டால், வாங்க வசதியற்ற ஏழை வீட்டுக் குழந்தையே அதன் விலையைக் கொடுக்கிறது.

ஜான் ஸ்னோ செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. வீடு வீடாகச் சென்று, எந்த நீரைக் குடித்தீர்கள் என்று கேட்டார். அதனைச் செய்வதற்கு மஹல்லா அமைப்பைவிடத் தகுந்த அமைப்பு வேறில்லை. சந்தாப் புத்தகம் வைத்திருக்கும் நம்மிடம் ஒவ்வொரு வீட்டின் கதவெண்ணும் இருக்கிறது.

ஆறு நமக்குத் தெளிந்த நீரையே தந்தது. மணல் அதனை வடித்துத் தந்தது. அதனைக் கலங்காமல் குடத்தில் சேர்ப்பது மட்டுமே நம் பொறுப்பாக இருந்தது. அப்பொறுப்பில் நாம் தவறிய இடங்களையே இவ்வரலாறு காட்டுகிறது. அடுத்த ஆண்டறிக்கையில் ‘தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்த வகை’ என்ற வரியைக் காணும்போது, எத்தனை முறை செய்தீர்கள், நீரைச் சோதித்தீர்களா என்று பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள். அக்கேள்வியை நிர்வாகக் குழு மனமுவந்து வரவேற்கும், இன்ஷா அல்லாஹ்.